காதுக்குள் ஒரு சின்ன மெஷின்: கண்டி மழையில் அதைக் காப்பாற்றுவது எப்படி?

கண்டியில் காது கேட்கும் மெஷின் வாங்குவது முன்புபோல் அலைச்சலான காரியமல்ல. காதைப் பரிசோதித்து, அளவெடுத்து, மெஷின் பொருத்தித் தரும் தனியார் நிலையங்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குகள் நடக்கின்றன. அலைச்சல் எல்லாம் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்றவர்களில் மெஷின் வாங்கியவர்கள் பலர் உண்டு. அதை இன்றும் காதில் வைத்திருப்பவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மற்றவர்களுடையது அலுமாரியில், மருந்துப் பெட்டியில், சாமி படத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது. “அது கூவுது”, “ஒன்னும் வெளங்கல”, “மழைக்குக் கெட்டுப் போச்சு” என்று காரணம் சொல்வார்கள். இந்த மூன்றில் எதுவும் மெஷினை மூட்டைகட்டி வைக்கப் போதிய காரணமல்ல. மூன்றுக்கும் வழி இருக்கிறது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆறு வருடங்களாக இரண்டு காதுகளிலும், காதின் அச்செடுத்து எனக்கென்றே செய்த உட்காது மெஷின் அணிகிறேன். நான் வைத்தியன் அல்ல. அணிந்து பழகியதிலும், பார்த்த நிபுணர்களிடம் விடாமல் கேட்டதிலும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இவ்வளவு விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. என்னுடைய மெஷினோடு வந்த கைநூல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. பொருத்தித் தந்தவரின் விளக்கம் சிங்களத்தில், அதுவும் அவசர அவசரமாக முடிந்தது. ஒரு ஜோடிக்குப் பல மாத ஓய்வூதியத்தைக் கொடுத்துவிட்டு, அதைத் துடைப்பது எப்படி என்று தாய்மொழியில் வாசிக்க வழியில்லாத நிலை எனக்கு மட்டும் ஏற்பட்டதல்ல.

சத்தம் கேட்கும், பேச்சு விளங்காது

காது மந்தமாவதைப் பெரும்பாலானோர் சத்தம் குறைவதாக நினைக்கிறார்கள். வயதினாலும் இரைச்சலினாலும் வரும் மந்தம் அப்படி வருவதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள். நம் பேச்சில் ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில், பலமாக வரும். ச, ட, த, க, ப போன்ற மெய்களை அடையாளம் காட்டும் ஒலிக்கூறுகள் பெரும்பாலும் உயர்ந்த சுருதியில், மெலிதாக வரும். அதனால் ஒருவர் பேசுகிறார் என்பது நன்றாகக் கேட்கும். ‘கடை’ என்றாரா ‘கதை’ என்றாரா, ‘பத்து’ என்றாரா ‘பட்டு’ என்றாரா என்பது தெரியாது. வீட்டில் “சத்தமாகத்தானே சொன்னேன்” என்று சண்டை வருவது இதனால்தான். சத்தம் போடும்போது உயிரொலிதான் பெருகுகிறது. விளங்காத மெய்யொலி விளங்காமலே இருக்கிறது.

கண்டித் தமிழர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தாய்மொழியில் ஒரு சொல்லின் பாதி தவறினாலும் மீதியை மூளை நிரப்பிவிடும். இரண்டாம் மொழியில் அந்த ஊகம் அவ்வளவு எளிதில் ஓடாது, அதுவும் இரைச்சலான இடத்தில். கந்தோர்களிலும் கிளினிக்குகளிலும் இலக்கத்தைச் சிங்களத்தில் கூப்பிடுவார்கள். ஹதர என்றால் நான்கு, ஹத என்றால் ஏழு. கடைசி எழுத்து காதில் விழாவிட்டால் நான்கும் ஏழும் ஒன்றுதான். வீட்டில் தமிழில் ஓரளவு சமாளிக்கும் ஒருவர் வெளியில் போனதும் முழுச் செவிடரைப்போல் தடுமாறுவதற்கும், பிறகு வெளியே போவதையே குறைத்துக்கொள்வதற்கும் இது ஒரு காரணம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட செவிப்புலன் பற்றிய உலக அறிக்கை, 2050ஆம் ஆண்டளவில் ஏறக்குறைய 250 கோடிப் பேருக்கு ஏதோவொரு அளவில் செவிக்குறைபாடு இருக்கும் என்று மதிப்பிட்டது. அதாவது நான்கு பேரில் ஒருவர். முதுமையில் நினைவாற்றல் குன்றுவதற்கும் கவனிக்கப்படாத செவிக்குறைபாட்டுக்கும் தொடர்பு இருப்பதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரிடம் மூன்று வருடங்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2023இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியானது. எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது மெஷின் அணிந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. நினைவு குன்றும் அபாயம் ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களை மட்டும் பார்த்தபோது, அணிந்தவர்களிடம் அந்தச் சரிவு 48 வீதம் குறைவாக இருந்தது. மெஷின் மறதியைக் குணமாக்கும் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். காது கேட்காமல் ஒதுங்கி உட்காருவது உடம்புக்கும் மனதுக்கும் நல்லதல்ல என்பதை மட்டும் நம்பலாம்.

உங்கள் காதுக்கென்றே செய்த மெஷின்

காதின் பின்னால் மாட்டுவது ஒரு வகை. மற்றது, காதுக்குள்ளேயே முழுவதும் அடங்குவது. இதில் மைக், ஒலியைச் சீராக்கும் சின்னக் கணினிச் சில்லு, ஸ்பீக்கர், பற்றரி எல்லாம் ஒரே ஓட்டுக்குள் இருக்கும். காதுமடலின் குழிவை நிரப்பும் பெரிய அளவிலிருந்து, வெளியே தெரியாமல் துவாரத்துக்குள் போய்விடும் மிகச் சிறிய அளவு வரை உண்டு. சிறிதாகச் சிறிதாக அழகு கூடும். பற்றரி சிறுக்கும், சக்தி குறையும், விரலால் பிடிப்பது கஷ்டமாகும். கைநடுக்கமும் விரல்மூட்டு வலியும் உள்ளவர் கண்ணுக்குத் தெரியாத மெஷினைக் கேட்டு வாங்கினால், அதைக் காதில் போட இன்னொருவரைத் தேட வேண்டிவரும்.

அச்செடுப்பது பயப்படும் வேலையல்ல. முதலில் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை அகற்றிய பிறகே மற்ற வேலை. செவிப்பறைக்கு முன்னால் நூல் கட்டிய சிறு பஞ்சுத்துண்டை வைத்து, அதன் மேல் மென்மையான சிலிக்கன் பசையை நிரப்புவார்கள். சில நிமிடங்களில் அது இறுகும். வெளியே எடுத்தால் உங்கள் காதுத் துவாரத்தின் வளைவு அப்படியே இருக்கும். அதை ஸ்கேன் செய்து முப்பரிமாண அச்சில் ஓடு தயாரிப்பதுதான் இப்போதைய வழக்கம். ஒரு மனிதரின் வலக் காதும் இடக் காதுமே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே காலஞ்சென்ற பெரியப்பாவின் மெஷினை இன்னொருவர் காதில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ஓடும் பொருந்தாது, உள்ளே ஏற்றிய ஒலி அளவும் பொருந்தாது.

அணிந்து பார்த்ததில் சில வசதிகளைச் சொல்லலாம். மைக் காதுக்குள் இருப்பதால் தொலைபேசியை வழக்கம்போல் காதில் வைத்தே பேசலாம். மூக்குக்கண்ணாடிக் காம்போடு முட்டாது. கொரோனா காலத்தில் முகக்கவசத்தைக் கழற்றும்போது நாடாவில் மாட்டி, காதின் பின்னாலுள்ள மெஷினைத் தொலைத்தவர்கள் பலர். உட்காது மெஷினுக்கு அந்தக் கதி இல்லை. அதேவேளை குறும்பியும் வியர்வையும் நேரே படும் இடத்தில் ஸ்பீக்கர் இருப்பதால் கவனிப்பு கூடுதலாகத் தேவை.

எல்லோருக்கும் இது பொருந்தாது. காதில் சீழ் வடிகிறவர்களுக்குத் துவாரத்தை அடைத்து வைப்பது கூடாது. முதலில் சிகிச்சை எடுக்க வேண்டும். கேட்கும் திறன் மிகவும் குறைந்தவர்களுக்கு இதன் சக்தி பெரும்பாலும் போதாது, காதின் பின்னால் மாட்டும் பெரிய மெஷினே உதவும். வளரும் பிள்ளைகளின் காது அளவு மாறிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கும் பின்காது மெஷினைத்தான் கொடுப்பார்கள். ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு காது திடீரென்று, ஓரிரு நாளுக்குள் கேட்காமல் போனால் மெஷின் கடைக்குப் போகாதீர்கள். அது அவசர நோய். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்; நாள் தள்ளத் தள்ளக் குணமாகும் வாய்ப்பு குறையும்.

முதல் வாரங்கள்

முதல் நாள் எனக்குக் கேட்டது மனிதர் பேச்சல்ல. பத்திரிகைத் தாள் புரளும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம், என் செருப்பு உரசும் சத்தம். பல வருடங்களாக இந்த ஒலிகள் இல்லாமல் பழகிய மூளைக்கு எல்லாமே இரைச்சல்தான். என் குரலே பானைக்குள் பேசுவதுபோல் இருந்தது. துவாரம் அடைபடும்போது அப்படித்தான் இருக்கும். அதைக் குறைக்க ஓட்டில் ஒரு காற்றுத்துளை வைப்பார்கள். தாங்க முடியாவிட்டால் நிபுணரிடம் சொல்லி ஒலி அமைப்பை மாற்றலாம்.

முதல் சில நாட்கள் வீட்டில், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். பிறகு நேரத்தைக் கூட்டி, அப்புறம் தொலைக்காட்சி, அப்புறம் கடைத்தெரு என்று போகலாம். பஸ் நிலையத்தில் முதல் நாளே மெஷினைச் சோதித்துப் பார்ப்பவர் அன்றே அதைக் கழற்றி வைத்துவிடுவார். பழகச் சில வாரங்கள் எடுக்கும், சிலருக்குச் சில மாதங்கள். இந்தக் காலத்தில் இரண்டு மூன்று முறையாவது பொருத்திய இடத்துக்குப் போய் ஒலியளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தத் திருத்தம் விலையில் அடக்கமா என்று வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போடும்போது சிவப்பு அடையாளம் வலக் காதுக்கு, நீல அடையாளம் இடக் காதுக்கு. மற்றக் கையால் காதுமடலை மேலேயும் பின்னேயும் இலேசாக இழுத்துப் பிடித்தால் துவாரம் நேராகும். மெஷினை உள்ளே வைத்து மெல்லத் திருகினால் அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். போடும் முன் மெஷினை உள்ளங்கையில் வைத்துப் பொத்திப் பாருங்கள்; பெரும்பாலான மெஷின்கள் ‘கீ’ என்று கூவும். அது உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

குறும்பி: முதல் எதிரி

பழுது என்று திரும்பிவரும் உட்காது மெஷின்களில் நிறைய, உண்மையில் பழுதானவையல்ல, குறும்பி அடைத்தவை. ஸ்பீக்கர் வாயில் கடுகளவில் ஒரு வெள்ளை வடிகட்டி இருக்கும். ‘வெக்ஸ் கார்ட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். குறும்பி உள்ளே போகாமல் தடுப்பது அதன் வேலை. அது அடைபட்டால் சத்தம் மெலியும், பிறகு நின்றே போகும். மாற்றுவதற்கு ஒரு சின்னக் குச்சி வரும்: ஒரு முனையால் பழையதைக் குத்தி இழுத்து எடுக்க வேண்டும், மறு முனையில் இருக்கும் புதியதை அழுத்தி வைக்க வேண்டும். மாதம் ஒரு தடவை போதும் என்பார்கள். குறும்பி அதிகம் சுரப்பவர்கள் அடிக்கடி மாற்ற வேண்டும்.

காலையில் மெஷினைப் போடும் முன் காய்ந்த மென்மையான துணியால் துடைத்து, கூடவே தந்த சிறு பிரஷால் ஸ்பீக்கர் வாயைத் தட்டிவிடுங்கள். அப்போது அந்த வாய் கீழே பார்த்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் நீங்களே குறும்பியை உள்ளே தள்ளுகிறீர்கள். இரவே துடைப்பதைவிடக் காலையில் துடைப்பது சுலபம், இரவில் காய்ந்த குறும்பி காலையில் உதிர்ந்துவிடும். காற்றுத்துளைக்கு மீன் நரம்புபோல் ஒரு மெல்லிய இழை தருவார்கள். அதைத் துளை வழியே ஒரு பக்கமாக விட்டு மறுபக்கம் இழுத்தால் போதும். ஊசி, சட்டைப்பின், ஈர்க்கு எதையும் உள்ளே விடக்கூடாது. தண்ணீர், சவர்க்காரம், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது.

மெஷினோடு காதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பஞ்சுக்குச்சி குறும்பியை எடுப்பதைவிட உள்ளே தள்ளுவதுதான் அதிகம். காதில் எண்ணெய் விடும் பழக்கமுள்ளவர்கள் மெஷின் போட்ட பிறகு அதை விட்டுவிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்கில் காதைக் காட்டுவது நல்லது.

ஈரம்: கண்டியின் எதிரி

கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று மழையும் இங்கு வரும், வடகீழ் மழையும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரமானால் வானம் உடைந்து கொட்டும். அலுமாரியில் தோல்செருப்பு பூஞ்சணம் பிடிக்கும் ஊரில், காதுச் சூட்டிலும் வியர்வையிலும் பதினாறு மணித்தியாலம் இருந்த மெஷின் இரவில் தானாகக் காயும் என்று எதிர்பார்க்க முடியாது. என்னுடைய வலது மெஷின் ஒரு கார்த்திகை மாதம் விட்டு விட்டுக் கேட்டது. காலையில் ஊமை, மத்தியானம் சரி, மாலையில் மறுபடி ஊமை. நிலையத்தில் திறந்து பார்த்தவர், உள்ளே ஈரம் கோர்த்து பற்றரி தொடும் தகடு பச்சை பிடித்திருப்பதைக் காட்டினார். “சேர், இது கொழும்பைவிட இங்கேதான் எங்களுக்கு அதிகம் வருது” என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டில் வழக்கமாகிவிட்ட ஒழுங்கு இதுதான். இறுக மூடும் சிறு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் மணிகள். நிறம் மாறும் வகையை வாங்கினால் மணிகள் ஈரத்தால் நிறைந்ததும் தெரியும்: நீல மணி இளஞ்சிவப்பாகும், செம்மஞ்சள் மணி பச்சையாகும். அப்போது மாற்ற வேண்டும். மணிகளை எந்த முறையில் சூடாக்கித் திரும்பப் பாவிக்கலாம் என்பது பைக்கற்றில் எழுதியிருக்கும். சில வகைகளை அப்படிப் பாவிக்க முடியாது. இரவில் மெஷினைக் கழற்றி, துடைத்து, பற்றரிக் கதவைத் திறந்து, பற்றரியை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மெஷினை மட்டும் டப்பாவில் போட்டு மூட வேண்டும். பற்றரியையும் உள்ளே போட்டால் அது வறண்டு சீக்கிரம் சாகும்.

நனைந்துவிட்டால் பதறத் தேவையில்லை. உடனே பற்றரியை எடுத்து, துணியால் துடைத்து, திறந்த கதவோடு டப்பாவில் ஒரு இரவு வையுங்கள். அடுப்புக்கு மேலே, தலைமுடி காயவைக்கும் மெஷினில், வெயிலில் வைக்கக்கூடாது. சூடு ஓட்டையும் கெடுக்கும், உள்ளிருக்கும் ஒட்டுப்பசையையும் கெடுக்கும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், அரிசித் தூள் துளைகளை அடைக்கும். குளிக்கும்போதும் முகம் கழுவும்போதும் கழற்றுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்ப்பது, பவுடர் போடுவது, தைலம் பூசுவது, தலைக்குச் சாயம் அடிப்பது எல்லாவற்றையும் முடித்து, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் மெஷின். கோயிலில் திருநீறு, சந்தனம் வைத்த விரலாலேயே மெஷினைத் திருகும் பழக்கத்தையும் விட வேண்டும். திருநீற்றுத் தூள் மைக் துளைக்கு மிக எளிதாகப் போகும்.

பற்றரி

இந்தச் சிறு பற்றரிகள் காற்றால் இயங்குபவை. ஒட்டியிருக்கும் நிறத்தாளை உரித்ததும் சின்னத் துளைகள் வழியாகக் காற்று போய் உள்ளிருக்கும் நாகத்தோடு சேரத் தொடங்கும். உரித்த பிறகு சில நிமிடம் அப்படியே வைத்துவிட்டுப் போட்டால் முழுச் சக்தியும் வரும். உரித்துவிட்டால் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் தீரத் தொடங்கிவிடும். தாளைத் திரும்ப ஒட்டுவதால் பெரிய பயனில்லை. நிறத்தாள் உலகம் முழுவதும் ஒன்றுதான்: 10ஆம் இலக்கம் மஞ்சள், 312 மண்ணிறம், 13 செம்மஞ்சள், 675 நீலம். கடையில் இலக்கம் மறந்தால் நிறத்தைச் சொல்லுங்கள். சிறியது ஒரு வாரத்துக்குள் தீரலாம், 13ஆம் இலக்கம் ஒன்று இரண்டு வாரம் வரலாம். வாங்கும்போது காலாவதித் திகதியைப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள்.

பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் அல்லது மூக்கில், காதில் போட்டுக்கொண்டால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நாய் வளர்ப்பவர்களும் கவனம்; குறும்பி வாடைக்கும் மெஷினின் கூவலுக்கும் நாய்கள் அதைக் கடித்துக் குதறுவது உண்டு.

சார்ஜ் செய்யும் உட்காது மெஷின்களும் இப்போது வருகின்றன. நடுங்கும் விரலுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அதை வாங்குபவர்கள், மின்சாரம் இல்லாமலே மெஷினுக்குச் சக்தி ஏற்றும் சார்ஜர் பெட்டி கிடைக்குமா என்று கேளுங்கள்.

கோளாறு வந்தால்

சத்தமே இல்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: கதவு சரியாக மூடியிருக்கிறதா, பற்றரி கூட்டல் அடையாளம் பார்த்து இருக்கிறதா, புதுப் பற்றரி போட்டால் கேட்கிறதா, வெக்ஸ் கார்ட் அடைத்திருக்கிறதா. இந்த நாலும் சரியாக இருந்தும் ஊமை என்றால்தான் நிலையத்துக்குப் போக வேண்டும்.

காதில் இருக்கும்போது கூவினால், மெஷினிலிருந்து வெளியேறும் ஒலி திரும்ப மைக்குக்குள் போகிறது என்று அர்த்தம். முதலில் கழற்றித் திரும்பப் போட்டுப் பாருங்கள். பிறகும் கூவினால் காதில் குறும்பி அடைத்திருக்கலாம், அதில் முட்டி ஒலி திரும்பும். அதுவும் இல்லையென்றால் ஓடு தளர்ந்திருக்கலாம். உடம்பு மெலிந்தால் காதுத் துவாரத்தின் அளவும் சற்று மாறும். நீரிழிவு, சத்திரசிகிச்சை என்று எடை குறைந்தவர்களுக்கு இது நடக்கும். அப்போது புது அச்செடுத்து ஓட்டை மாற்றலாம். புது மெஷின் வாங்க வேண்டும் என்பதில்லை. காது வலித்தாலோ, புண்பட்டாலோ சகித்துக்கொண்டு போடாதீர்கள். உறுத்தும் இடத்தைச் சொன்னால் ஓட்டைத் தேய்த்துத் தருவார்கள்.

பெரஹராவும் தேயிலைத் தொழிற்சாலையும்

பெரஹரா நாட்களில் தலதா மாளிகைக்குப் பக்கத்து வீதிகளில் நிற்பவர்களுக்குத் தெரியும், பெரிய மேளங்களும் சாட்டை வெடிப்பும் சாதாரண காதையே அதிரவைக்கும். இக்கால மெஷின்கள் ஒரு அளவுக்கு மேல் ஒலியை ஏற்றாதபடி அமைக்கப்பட்டிருக்கும். என்றாலும் சத்தத்தைக் குறைத்து வைத்து, சற்றுத் தள்ளி நிற்பதே நல்லது. அணைத்த மெஷினைக் காதடைப்பானாக நம்பக்கூடாது, அதற்காக அது செய்யப்படவில்லை.

பெரஹரா வருடத்தில் பத்து இரவு. தொழிற்சாலை இரைச்சல் வருடம் முழுவதும். என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உருட்டும் மெஷின்களுக்கு நடுவே முப்பது வருடம் வேலை செய்தவர். ஐம்பது வயதுக்கு முன்பே அவரிடம் பேச வேண்டுமானால் தோளைத் தொட வேண்டியிருந்தது. லயத்தில் அவருக்குச் ‘செவிட்டு’ப் பட்டம் கிடைத்தது, மெஷின் கிடைக்கவில்லை. ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் அப்படிப்பட்ட பழைய உருட்டு மெஷின்களைத் துடைத்து மினுக்கி வைத்திருக்கிறார்கள். நின்றுபோன மெஷினைப் பார்த்து அதன் இரைச்சலை யாரும் ஊகிக்க முடியாது. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாக வேண்டும் என்பது தொழில் பாதுகாப்பில் பலரும் பின்பற்றும் கணக்கு. 88 என்றால் நாலு மணித்தியாலம், 91 என்றால் இரண்டு. இரைச்சலால் போன செவிப்புலன் திரும்ப வராது. இன்று அந்த மெஷின்களுக்குப் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் மெஷின் விலையைக் கேட்பதற்கு முன் காதடைப்பான் கேட்க வேண்டும். கொடுப்பது நிர்வாகத்தின் கடமை, கேட்டு வாங்கித் தருவது தொழிற்சங்கத்தின் கடமை.

விலையும் ஒரு சுவர்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. மெஷினும் பற்றரியும் இறக்குமதிப் பொருட்கள். 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கே போராட வேண்டியிருந்த தோட்டக் குடும்பம் இதை எப்படி வாங்கும்? உதவி வேண்டுவோர் வைத்தியசாலை கிளினிக்கில் பரிசோதனை அறிக்கை எடுத்துக்கொண்டு, தங்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து விண்ணப்பம் பற்றிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, கேட்பது பிச்சையல்ல. செவிப்புலன் நிபுணர்கள் களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் பட்டம் பெற்று வருகிறார்கள். அந்தப் பக்கம் நம் தமிழ்ப் பிள்ளைகள் கூடுதலாகப் போனால், விளக்கத்தைத் தமிழில் கேட்கும் நாள் சீக்கிரம் வரும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மெஷின் போட்டவரிடம் கத்த வேண்டாம். சமையலறையிலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து, முகம் தெரிய, சாதாரணக் குரலில் சற்று நிதானமாகப் பேசுங்கள். விளங்கவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். பேசும் நேரம் தொலைக்காட்சியைக் குறைத்து வையுங்கள். “ஒன்றுமில்லை, பிறகு சொல்றேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மனிதரை அலுமாரிப் பக்கம் தள்ளுவது பெரும்பாலும் அந்த வார்த்தைதான்.

உங்கள் வீட்டிலும் எங்காவது ஒரு மெஷின் சும்மா கிடந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். பற்றரியைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பிடித்திருந்தால் நீங்களே சுரண்டாதீர்கள். இரண்டு இரவு சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்து, வெக்ஸ் கார்ட்டை மாற்றி, புதுப் பற்றரி போட்டு, உள்ளங்கையில் பொத்திப் பாருங்கள். கூவினால் அடுத்த கிழமையே அதன் சொந்தக்காரரையும் அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், காதைத் திரும்பப் பரிசோதித்து, ஒலியளவைப் புதிதாக அமைக்கச் சொல்லுங்கள். கூவாவிட்டாலும் கொண்டுபோங்கள். பழுதுபார்ப்பதற்கு ஆகும் செலவு புது மெஷினுக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் குறைவுதான்.